ஃபிர்யாலின் வேனும் ஷாஹிரின் காப்பியும்

ஃபிர்யாலின் வேன் கிளம்பாவிட்டால் இர்பித் நகரத்துக்குப் பொழுது விடியாது. ஏதோ பேச்சுக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு குளிர்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஆறே ஆறு நிமிடம் தாமதமாகக் கிளம்பினாள். அன்றைக்கு மேற்குச் சாலையில் சேவல்கள் இரண்டாம் தடவை கூவி அசடு வழிந்தன, ரொட்டிக்கடைக்காரன் முதல் அடுப்பு ரொட்டியைக் கருக விட்டான், சிரியா எல்லையில் நின்ற காவலர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி உதறிப் பார்த்தார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் நின்று, வேன் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறியது.

சரி, கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். குறைக்க முடியாத பகுதி இது: பதினோரு வருஷம், பதினான்கு பிள்ளைகள், ஒரு நாள்கூட பள்ளி மணி அடித்த பிறகு அவள் போய்ச் சேர்ந்ததில்லை.

ஃபிர்யாலுக்கு வயது நாற்பத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ரஜாயி வீட்டு மாடியில் ஒரு அறை, முற்றத்தில் வெள்ளை வேன், இவ்வளவுதான் சொத்து. குள்ளம், தடித்த கண்ணாடி, ஆம்பளைகள் போடுகிற தோல் ஜாக்கெட். பிள்ளைகள் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், அவள் ஒரு நாளும் பாடம் நடத்தாவிட்டாலும். அவளுக்குப் பிடித்த வார்த்தை "தூ." எதையும் துப்புவதில்லை, சொல்வதோடு சரி. வேன் தரையில் சூரியகாந்தி விதைத் தோல் கிடந்தால் தூ. சீட்டில் ஒட்டின சூயிங்கம்முக்கு தூ. கைகுலுக்கிவிட்டு அந்தக் கையாலேயே மூக்கைத் துடைக்கிற பிள்ளையின் அப்பாவுக்கு, அவர் தெரு திரும்பிய பிறகு, ஒரு தூ. உலகத்தில் பாதி விஷயங்கள் அவளுக்கு அருவருப்பு. மீதிப் பாதியை அவள் இன்னும் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை.

அப்படிப்பட்டவள் நம்பி வண்டியை விட்ட ஒரே ஆள், தொழிற்பேட்டையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிற ஷாஹிர். தலைமுடியில் எண்ணெய், மீசையில் எண்ணெய், பேச்சிலும் எண்ணெய். யார் எதைக் கேட்டாலும் "என் தலை மேலயும் கண்ணு மேலயும்" என்பான். ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இவன் சொன்னால், தலையும் கண்ணும் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

ஒரு சனிக்கிழமை ஆயில் மாற்றப் போனாள். ஷாஹிர் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, மச்சான் கல்யாணத்துக்கு எத்தனை ஆடு என்று சண்டை போட்டபடியே வேனுக்கு அடியில் புகுந்தான். பழைய ஆயிலை இறக்கினான், பழைய ஃபில்டரைக் கழற்றினான், புதுசை முறுக்கினான், புது ஆயிலை ஊற்றினான். ஆடு பன்னிரண்டில் நின்றது. ஃபிர்யால் வழக்கம்போலத் தன் திருப்புளியை எடுத்து, காலியான ஆயில் டப்பா இரண்டையும் அடியில் குத்தி ஓட்டை போட்டாள். ஓட்டை போடாவிட்டால் அதே டப்பாவில் கழிவு ஆயிலை வடிகட்டி ஊற்றி, மூடியை ஒட்டி, புதுசு என்று விற்றுவிடுவார்கள். இர்பித்தில் அறிவுள்ள டிரைவர் யாரும் முழு டப்பாவை விட்டுவிட்டு வர மாட்டார்.

"என்னக்கா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றான் ஷாஹிர்.

"உன் மேல இருக்கு. டப்பா மேல இல்ல."

பழைய ஃபில்டரையும் அவள் விடவில்லை. அதையும் சிலர் துடைத்துப் பெயின்ட் அடித்து விற்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் ஞாயிறு. வெள்ளியும் சனியும்தான் விடுமுறை என்பதால் பள்ளி நாள். பதினான்கு பிள்ளைகளும் ஏறியாகிவிட்டது. ஒலிவத் தோப்பு ஏற்றத்தில் பாதி போனதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆயில் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தாள். அதற்குள்ளேயே குடத்துக்குள் கூழாங்கல் போட்டு உருட்டுவது மாதிரி ஒரு சத்தம் வந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால், ரோட்டில் பின்னால் ஐம்பது அடிக்குக் கறுப்புக் கோடு. பளபளவென்று, நேற்று ஊற்றின புது ஆயில் மொத்தமும். சூடான இன்ஜின் மேல் தெறித்தது புகையாகி, அந்த நாற்றத்தில் கடைசி சீட்டுச் சின்னப் பெண் காலையில் தின்ற ஃபலாஃபலை வாந்தி எடுத்தாள். ஃபிர்யால் பிள்ளைகளைத் தோப்புச் சுவர் ஓரமாக வரிசையாக உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும், கடைசியில் ஷாஹிருக்கும் போன் செய்தாள். கீழே ஊரில் பள்ளி மணி அடிப்பது அவளுக்குக் கேட்டது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை அந்த மணியை வெளியிலிருந்து கேட்டாள்.

ஷாஹிர் இழுவை வண்டியோடு பறந்து வந்தான். வண்டியை இழுக்க வா என்று கேட்பதற்கு முன்பே வந்தான் என்று அவளுக்கு ஒரு நிமிடம் நெஞ்சு நெகிழ்ந்ததுகூட. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் மேலேயே ஒரு தூ.

அடுத்த நாள் ஒர்க்ஷாப்புக்குப் போனபோது இன்ஜின் பளிச்சென்று கழுவி, துடைத்து, பொணத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தின மாதிரி இருந்தது. சனிக்கிழமை மாட்டின ஃபில்டர் அங்கே இல்லை. அந்த இடத்தில் இன்னொரு புது ஃபில்டர். உள்ளே பேரிங் எல்லாம் தேய்ந்து, இன்ஜின் இறுகிக் கிடந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்குக்கா," என்றான் ஷாஹிர், நெஞ்சில் கை வைத்து. "ஆனா செகப்பு லைட் எரிஞ்சா நிறுத்தணும்னு யாரும் உங்களுக்குச் சொல்லித் தரலையா?"

"நிறுத்தினேன்."

"எப்போ?"

"எரிஞ்ச உடனே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இன்ஜின் பொய் சொல்லாதுக்கா. நாலு கிலோமீட்டராவது லைட்டோட ஓட்டியிருக்கீங்க. பரவால்ல, பிள்ளைங்க சத்தத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க. பொம்பளைங்களுக்கு வர்ற தப்புதான். கடவுள் ஈடு செய்வான்."

கடவுள் செய்வது இருக்கட்டும், நீ என்ன செய்வாய் என்று அவள் கேட்டாள். அவன் டீ வரவழைத்தான்.

சாயங்காலத்துக்குள் அந்தக் கதை அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. ஃபிர்யால் மிஸ் சிவப்பு விளக்கு எரிய எரியப் பிள்ளைகளோடு மலை ஏறினாளாம். ரொட்டிக்கடையில் அது ஏழு கிலோமீட்டர் ஆகியிருந்தது. மறுநாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. யாரும் திட்டவில்லை, அதுதான் மோசம். "நீங்க நல்லவங்கதான் மிஸ், பொண்ணு மனசுல பயம் புகுந்துடுச்சு." "வேன் சரியானாலும் நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கறோம் மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க." இரண்டு நாளில் ஒன்பது பிள்ளைகள் போயாகிவிட்டது. இன்ஜினை எப்படியாவது வாங்கிப் போடலாம். போன பெயரை எந்தக் கடையில் வாங்குவது?

வேனை இழுத்து வந்து முற்றத்தில் போட்டார்கள். உள்ளே இருந்த அழுக்கை ஒழிக்கலாம் என்று ஏறினவள் சீட்டுக்குப் பின்னால் அந்தப் பையைப் பார்த்தாள். குப்பையில் எறியக் கையை ஓங்கினவள் நின்றுவிட்டாள். பையைப் பிரித்தாள். பழைய ஃபில்டரின் வாயைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும், அதில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். பள்ளம் இருந்தது. வளையம் இல்லை.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ஷாஹிர் அதைப் பார்க்காமல், அதன் மேலேயே புது ஃபில்டரை அதன் வளையத்தோடு முறுக்கியிருக்கிறான். ரப்பர் மேல் ரப்பர் நிற்குமா? ஏற்றத்தில் இன்ஜின் முக்கினதும் பிதுங்கி, ஆயில் மொத்தத்தையும் பீய்ச்சிவிட்டது. துணியால் ஒரு தடவை துடைத்திருந்தால் விரலில் தட்டியிருக்கும். அந்த விரல் பன்னிரண்டு ஆட்டை எண்ணிக்கொண்டிருந்தது.

எடுத்துக்கொண்டு போய் அவனிடம் காட்டினாள். ஷாஹிர் அதைத் தொடக்கூட இல்லை.

"வழியில எங்கயாவது விழுந்திருக்கும்க்கா. இல்ல, நீங்களே பிச்சிருப்பீங்க."

"நானா?"

"கோவத்துல மனுஷங்க என்ன வேணா செய்வாங்க. நான் மனசுல வச்சுக்கல."

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒர்க்ஷாப்புக்கு எதிர்ப்பக்கம் நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அதில் ஃபிர்யால். மடியில் ஃபில்டர், காலடியில் டீ ஃபிளாஸ்க், ரொட்டியும் வெள்ளரிக்காயும் ஒரு டப்பாவில். வருகிற ஒவ்வொரு வண்டிக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "தம்பி, பழைய ஃபில்டர வாங்கிப் பாருங்க. வளையம் இருக்கான்னு எண்ணுங்க. ஒண்ணே ஒண்ணுதான், எண்ணக் கஷ்டமில்ல."

முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் ஒரு லாரிக்காரர் உண்மையிலேயே எண்ணினார். மூன்றாம் நாள் வண்டிகள் கொஞ்சம் தள்ளி வேறு ஒர்க்ஷாப்பில் நின்றன. ஷாஹிர் டீ கொடுத்து அனுப்பினான். அவள் அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, தம்ளரைக் கழுவி, திருப்பி அனுப்பினாள். நான்காம் நாள் அவன் மனைவி போனில் அழுதாள். ஃபிர்யால் ஆறுதல் சொன்னாள், நாற்காலியை எடுக்கவில்லை. ஆறாம் நாள் அவன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்: பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்கு வருகிறான் என்று ரஜாயிக்குத் தகவல் வந்தது. தலைமை, பர்ஜஸ் பாஷா.

பர்ஜஸ் பாஷா ராணுவத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். கொலை வழக்கையே காப்பிக் கோப்பையை முன்னால் வைத்துத் தீர்த்தவர் என்று பெயர். வீட்டுக்காரர் காப்பி ஊற்றுவார். வந்தவர்கள் அதைத் தொடாமல் முன்னால் வைப்பார்கள். "காப்பியக் குடிங்க, வந்த காரியம் முடிஞ்சுது" என்று வீட்டுக்காரர் சொன்னால்தான் கோப்பை உதட்டுக்குப் போகும். சொல்லிவிட்டால் சொன்னதுதான், அதற்கப்புறம் அந்த விஷயத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

ரஜாயி நகராட்சியில் குமாஸ்தா. சட்டை பாக்கெட்டில் எப்போதும் இரண்டு பேனா, இரண்டிலும் மை இருக்காது. பாஷா வருகிறார் என்றதும் அவர் முகம் கல்யாண வீட்டு விளக்கு மாதிரி ஆகிவிட்டது.

"பாஷா நம்ம வாசப்படி ஏறப் போறாரு. அதுவே எவ்வளவு பெரிசு தெரியுமா?"

"எனக்காகவாண்ணே வர்றாரு? என் வேன முழுங்கினவனுக்காக வர்றாரு."

"நீ பேச வேணாம். சமையக்கட்டுல இரு. நான் 'குடிங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது."

"ஃபில்டர அவருகிட்டக் காட்டுறேன்."

"ஐயோ, அந்தக் கருமத்த வெளிய எடுக்காத. கார்பெட் துவைச்சிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "காஸிமுக்கு வயசு இருபத்தாறு ஆவுது ஃபிர்யால். பாஷா ஒரு சிபாரிசு சொன்னா நாளைக்கே வேலை."

காஸிம் ரஜாயியின் மூத்த மகன். அத்தையின் வேன் ஒரு வேலையாக மாறப் போகிறது என்று அவனுக்கே தெரியாது. ஷாஹிரிடம் ரஜாயி ஏற்கெனவே தலையாட்டிவிட்டார் என்பது ஃபிர்யாலுக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணனைப் பார்த்து அவள் தூ என்றுகூடச் சொல்லவில்லை. வார்த்தைக்கே அருவருப்பாக இருந்தது போல.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். பாஷாவின் கார் முற்றத்தில் வேனுக்குப் பின்னால் நின்றது. பன்னிரண்டு விதமான அத்தர். வரவேற்பறையே சென்ட் கடை தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஷாஹிர் வெளுத்த சட்டையும் குனிந்த தலையுமாக, தாய் இல்லாப் பிள்ளை மாதிரி பாஷாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ரஜாயி சின்னக் கோப்பைகளில் கசப்புக் காப்பியை ஊற்றி ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தார். ஃபிர்யால் சமையலறைக் கதவிடுக்கில் நின்றிருந்தாள்.

பாஷா தொண்டையைச் செருமினார். "ரஜாயி, உங்க வீட்டை நம்பி வந்திருக்கோம். இந்தப் பையன் கைவேலைக்காரன். உங்க தங்கச்சி வண்டிய லைட் எரிய எரிய ஓட்டிட்டாங்க, மனுஷங்கதானே, நடக்கறதுதான். அதுக்காக இவன் பொழப்பு வாசல்ல உட்காந்து பேசறதை நிறுத்திக்கணும். அது கிடைக்காம இந்தக் காப்பி எங்க தொண்டையில இறங்காது."

ரஜாயி எழுந்து நின்றார். சும்மா சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் பாஷாவுக்கு முன்னால் பேசுகிற வாய்ப்பு வாழ்நாளில் ஒரு தடவை. பாஷாவின் பரம்பரையிலிருந்து ஆரம்பித்தார். அவர் காலடி பட்டதில் வாசலில் ஒலிவ மரம் காய்க்கும் என்றார். வார்த்தை சுற்றிச் சுற்றி எங்கே வந்து இறங்கப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "ஆகவே பாஷா, நீங்க வந்த காரியம்..." என்றார்.

அப்போதுதான் முற்றத்தில் செத்துக் கிடந்த வேன் ஹார்ன் அடித்தது.

யாரும் தொடவில்லை. வெயிலில் ஒயர் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். அல்லது அநியாயத்தைப் பொறுக்காமல் அதுவே கத்தியிருக்கும். எப்படியோ, காது கிழிகிற மாதிரி ஒரே மூச்சில் நிற்காமல் அடித்தது. ரஜாயி வாயைத் திறந்தபடி நின்றார். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஹார்ன் ஓய்ந்து தலையைத் திருப்பியபோது, தரையில் பதினோரு கோப்பை நிரம்பியிருந்தது. ஒன்று காலி.

ஷாஹிர் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பாஷா அந்தக் கோப்பையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "குடிச்சிட்டியா?"

"இல்ல பாஷா... அவர் சொல்லிட்டார்னு நெனச்சு..."

"என்ன சொன்னார்?"

"சொல்லத்தான போறார்..."

"உனக்கு எப்படித் தெரியும்?"

ரஜாயி கார்பெட்டில் ஒரு பூவை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தார்.

"முப்பது வருஷமா காப்பிய முன்னால வச்சுட்டு உட்காந்திருக்கேன்," என்றார் பாஷா மெதுவாக. "பையன அடிச்சுக் கொன்னவனோட தகப்பன், நாக்கு உலர்ந்து, கண்ணுல தண்ணியோட எதிர உட்காந்திருக்கான். ஒரு சொட்டு தொடல. நீ இங்க விருந்துக்கா வந்த?"

கதவு திறந்து ஃபிர்யால் தட்டோடு வந்தாள். "காலிக் கோப்பைய எடுக்க வந்தேன்," என்றாள். எடுத்தாள். அது இருந்த இடத்தில், பாஷாவுக்கு நேரே, ஃபில்டரை வைத்தாள். அதிலிருந்து ஒரு கறுப்புச் சொட்டு துவைத்த கார்பெட்டில் இறங்கியது. "வந்ததுக்கு இதையும் பார்த்துட்டுப் போங்க பாஷா. அவன் கழட்டின பழைய ஃபில்டர். இதுல எது இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

ரஜாயி ஏதோ சொல்ல வந்தார். பாஷா கையைத் தூக்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளத்தில் விரலை விட்டுச் சுற்றினார். மனிதர் ராணுவத்தில் பாதிக் காலம் டாங்கி ரிப்பேர்ப் பிரிவில் இருந்தவர் என்று அந்த அறையில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஷாஹிருக்கு அந்த நிமிடம் ஞாபகம் வந்தது.

"வளையம் எங்கடா?"

"அவங்களே பிச்சிருப்பாங்க பாஷா."

"பிச்சா பள்ளத்துல கீறல் இருக்கும். இதுல ஆயில் அப்படியே காய்ஞ்சு கிடக்கு. சரி, நீ மாட்டின ஃபில்டர் எங்க? அதுல ஒண்ணு இருக்கா ரெண்டு இருக்கான்னு பார்த்துடுவோம்."

"தூக்கிப் போட்டுட்டேன்."

"ஏன்?"

"அழுக்கா இருந்துச்சு பாஷா."

"ஒரு நாள் ஓடின ஃபில்டரா?"

மூலையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

"இன்ஜினை ஏன் கழுவின? செத்த இன்ஜினைக் கழுவி எந்த மெக்கானிக்டா வைப்பான்?"

ஷாஹிரிடம் எண்ணெய் தீர்ந்துவிட்டது. பாஷா தன் கோப்பையை விரல் நுனியால் தள்ளி வைத்தார், அதில் ஈ விழுந்த மாதிரி. "என் வெள்ளை முடியப் போர்த்திக்கிட்டு ஒரு பொய்ய உள்ள கொண்டாந்திருக்கான்," என்றார் மற்றவர்களிடம். பிறகு ஃபிர்யால் பக்கம் திரும்பினார். "மகளே, உனக்கு என்ன வேணும், சொல்லு."

"இன்ஜின் அவன் போடட்டும், அது அவன் கெடுத்தது. எனக்கு வேண்டியது வேற. பதினாலு வீட்டுக்கும் போயி, 'நான் தொடைக்கல, அவங்க உடனே நிறுத்தினாங்க'ன்னு அவன் வாயாலயே சொல்லணும். போன்ல இல்ல. நடந்து போகணும்."

"நடந்தா?"

"வேன் இல்லையே பாஷா. எதுல போவான்?"

பாஷா சிரிக்கவில்லை. ஆனால் மீசை ஒருமுறை அசைந்தது. "கேட்டியாடா?" என்றார். ஷாஹிர் தலை மேலயும் கண்ணு மேலயும் என்று ஆரம்பித்தான். "போதும், காலு மேல போ," என்றார் பாஷா.

அவன் போனான். இரண்டு நாள், பதினான்கு வீடு, ஆகஸ்டு வெயில் மாதிரி ஒரு செப்டம்பர் வெயிலில். ஏழாவது வீட்டில் வாந்தி எடுத்த அந்தச் சின்னப் பெண் கதவைத் திறந்து, "நீங்கதான் துடைக்காதவரா?" என்று கேட்டாள். ஒரு வீடு தவிர எல்லோரும் திரும்பி வந்தார்கள். இன்ஜினும் வந்தது. அதோடு ஷாஹிர் ஒரு தட்டு குனாஃபா இனிப்பும் அனுப்பினான். ஃபிர்யால் அதைத் தொடவில்லை. அந்தப் பாகு அவளுக்கு அவன் மீசையை ஞாபகப்படுத்தியது. ரஜாயி ஒன்பது நாள் தங்கையோடு பேசவில்லை, பத்தாம் நாள் கார்பெட் கறை போக என்ன போடுவது என்று கேட்டார். காஸிம் இன்னும் வேலை தேடுகிறான்.

இவ்வளவையும் ஒரு பள்ளி நோட்டில் எழுதி முடித்தவன் ரஜாயியின் இளைய மகன். பள்ளி வாசலில் மணி அடிக்கக் காத்திருந்த வேனில், ஃபிர்யால் நோட்டை வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு முழுவதும் படித்தாள். நடுவில் நான்கு தடவை தூ என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை.

"சேவலெல்லாம் சரி," என்றாள். "வயசு நாப்பத்தாறு, மாத்து. ஆமா, ஹார்ன் எப்படிடா அடிச்சுது?"

"அதான் எழுதியிருக்கேனே அத்தை. வெயில்ல ஒயர் உருகி..."

"வேன் பேட்டரிய நான் கழட்டி என் கட்டிலுக்கு அடியில வச்சிருந்தேன். வேன் முற்றத்துக்கு வந்த அன்னைக்கே."

எழுதியவன் ஜன்னல் வழியாகப் பள்ளிச் சுவரைப் படித்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"காப்பி எடுத்துக் கொடுக்க உன்னைத்தான் நிக்கச் சொல்லியிருந்துச்சு. உங்கப்பாவே தூக்கிட்டுப் போனாரு. நீ எங்க போயிருந்த?"

"கக்கூஸுக்கு."

"அவ்வளவு நேரமா?"

"வயிறு சரியில்ல அத்தை."

"பாஷாவோட காருக்குள்ளயா?" என்றாள் ஃபிர்யால்.